மூன்று அப்பாமாரின் மகள்

பாஸ்போர்ட் கந்தோருக்குப் போன் எடுத்தால் முதலில் ஒரு பாட்டு வரும். வாய்ப்பாட்டு இல்லை, வெறும் வாத்தியம். டிங் டிங் டிடிங் என்று தொடங்கி, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, இதோ முடியப்போகிறது என்று நாம் நினைக்கிற இடத்தில் திரும்பவும் டிங் டிங் என்று முதலுக்கே வந்து நிற்கும். அந்தப் பாட்டுக்குக் கருவாடு புரட்டிய கூட்டம் இந்த உலகத்தில் பேசாலைக் கடற்கரையில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். போனைச் சத்தமாகப் போட்டு, கவிழ்த்துவைத்த மீன்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, நானும் கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்கிற மற்றப் பெண்களும் பாய்க்குப் பாய் போய்க் கட்டாவையும் சாளையையும் மறுபக்கம் திருப்புவோம். டிங் டிங்குக்குக் குனிவது, டிடிங்குக்கு நிமிர்வது. இடுப்பு நோவுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

என் பெயர் மதலேனாள். வாய்க்காரி என்று ஊரில் சொல்லுவார்கள். வாய் இல்லாவிட்டால் நாய்கூட மதிக்காது என்பது என் கட்சி. அந்த வாயையும் கட்டிப்போட்டது இந்த டிங் டிங்தான். பாட்டுக்கு நடுவில் ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று சொல்லும். "எனக்கும் முக்கியம்தான் பிள்ளை, எடன்" என்று நான் கெஞ்சுவேன். அது பதிந்துவைத்த குரல் என்று என் புருஷன் வஸ்தியான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு மனசு கேட்காது. ஒரு பொம்பிளை கதைக்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது எப்படி?

பாஸ்போர்ட் எனக்கு எதற்கு என்றால், என் தங்கச்சி றெஜினாவின் மகளுக்குக் கலியாணம். றெஜினா தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், கலியாணமான புதிதில், புருஷனோடு படகேறி அக்கரைக்குப் போனவள். இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே தலையும் நரைத்துவிட்டது. நாங்கள் இக்கரையில் மடு மாதா கோயிலுக்கு ஓடினோம், திரும்பி வந்தோம், பிறகும் ஓடினோம், சண்டை முடிந்த பிறகு வந்து வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கட்டிக்கொண்டோம். கால் நூற்றாண்டாக அக்காளும் தங்கையும் முகம் பார்க்கவில்லை.

அவள் படகேறின அன்று, அம்மா இல்லாத வீட்டுக்கு நான்தானே அம்மா என்று, கடற்கரையில் வைத்து அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டேன். எங்கள் ஆட்களில் கலியாணத்துக்குக் கோயிலுக்கு இறங்கமுதல் பொம்பிளைக்கு வீட்டில் பெரியவர்கள் அப்படித்தான் போட்டு அனுப்புவார்கள். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வாயாடுவதுதான். "உன்ர மகளுக்கும் நான்தான்டி போடுவன், வேற ஒருத்தியையும் தொட விடாத" என்றேன். மகள் என்று ஒருத்தி அப்போது வயிற்றில்கூட இல்லை. றெஜினா அதை மறக்கவில்லை. சகாயராணிக்குத் தங்கச்சிமடத்துப் பையனோடு பேச்சு முடிந்த அன்றைக்கே போன் எடுத்து, "அக்கா, நீ வந்து சிலுவை போடாம என் பொண்ணு வாசப்படி தாண்டாது, ஆமா" என்று சொல்லிவிட்டாள். அங்கத்தைய தமிழ் அவள் வாயில் ஒட்டிப்போயிற்று. கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும், வேறு யாரோ கதைப்பதுபோலவும் இருக்கும்.

தலைமன்னாரில் நின்று பார்த்தால் அக்கரை கூப்பிடு தூரம். அவர்களுடைய இழுவைப்படகுகள் ஒரு பாஸ்போர்ட்டும் இல்லாமல் எங்கள் கடலுக்குள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகும். நான் மட்டும் கொழும்புக்குப் போய், ஆகாயத்தில் ஏறி, மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொடவேண்டும். தொட்டால் போகிறது, மூக்குத்தானே என்று எனக்கும் வஸ்தியானுக்குமாக இரண்டு விண்ணப்பம் போட்டோம். அவருடையது ஒழுங்காக வந்துவிட்டது. அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, புதுமாப்பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார் மனுசன். என்னுடையதைக் காணவில்லை.

அதற்குள் தங்கச்சிமடத்துக் கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். மூன்றாம் ஓலை முடிந்தால் அந்தக் கிழமைக்குள் கலியாணம். முதல் ஓலை வாசித்தாயிற்று என்று றெஜினா சொன்ன மறுநாள்தான் எங்கள் பாட்டு நடுவழியில் அறுந்தது.

குனிந்த பெண்கள் குனிந்தபடியே நின்றார்கள். நிமிர்ந்தவர்கள் கட்டாவைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். போனுக்குள்ளிருந்து, "வணக்கம், இன்ஷிரா பேசுறன்" என்று உயிருள்ள ஒரு பெண் சொன்னாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஐயோ பிள்ளை! நீதானா! எப்பிடியம்மா சுகம்? சாப்பிட்டனியே?" என்றேன். பக்கத்தில் நின்ற வஸ்தியான் தலையில் அடித்துக்கொண்டு நம்பரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உங்கட விண்ணப்பம் நிலுவையில இருக்கு."

"நிலவிலயோ?"

வாடியே வானத்தைப் பார்த்தது. வஸ்தியான், "அப்ப றொக்கெற் பிடிச்சுத்தான் போய் எடுக்கோணும்" என்றார். நாலைந்து பேர் கருவாட்டுப் பாயிலேயே குந்திவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்ஷிராவும் சிரிப்பை விழுங்குவது கேட்டது.

"நிலவு இல்லம்மா, நிலுவை. முடிவாகாம நிக்குது. உங்கட வாப்பா... அப்பாட பேருல ஒரு சிக்கல். பிறப்புப் பத்திரத்துல ஒரு அப்பா, கலியாணப் பத்திரத்துல இன்னொரு அப்பா, விண்ணப்பத்துல வேற ஒரு அப்பா. மொத்தம் மூணு அப்பா இருக்கு."

போன் சத்தமாகத்தான் கிடந்தது என்று சொல்லத் தேவையில்லை. கதை எனக்கு முதலே ஊருக்குள் போய்விட்டது.

"பிள்ளை, வாயைக் கழுவு! என்ர அம்மா பத்தரை மாத்துத் தங்கம்" என்று நான் கத்தினேன்.

"அம்மாவ நான் ஒண்டும் சொல்லல்லம்மா. சந்தியோகு ஆரு?"

"என்ர அப்பா."

"யாக்கோபு?"

"அதுவும் அப்பாதான்."

"ஜேம்ஸ்?"

"அதுவும் அவர்தான்!" என்றேன். சொல்லும்போதே எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. என் அப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சந்தியோகு. பறங்கிக்காலத்திலிருந்து எங்கள் கரையில் ஓடித்திரிகிற பெயர். அதே அர்ச்சியசிட்டவரை, அதாவது புனிதரை, வேதாகமத்தில் யாக்கோபு என்று எழுதியிருக்கும். என் கலியாணத்தை எழுதிய பங்குச் சாமியார் படிப்பாளி. சந்தியோகு என்றால் கொச்சை, யாக்கோபு என்பதுதான் சுத்தம் என்று சொல்லி அப்படியே பதிந்துவிட்டார். இங்கிலிசில் அதே ஆள் ஜேம்ஸ். அப்பா தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலுக்குச் சாமான் ஏற்றிய காலத்தில் அங்கேயிருந்த பறங்கித் துரை அவரை ஜேம்ஸ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிறகு துறையடி முழுக்க அவர் ஜேம்ஸண்ணைதான். ஒரு மனுசன், மூன்று பெயர். எங்கள் ஊரில் இதைக் கேட்டு ஒருவரும் தலையைச் சொறியமாட்டார்கள்.

"விண்ணப்பத்தில ஜேம்ஸ் எண்டு எழுதினது ஆர்?" என்று திரும்பினேன்.

வஸ்தியான் கடலைப் பார்த்தார். "மாமாவை நான் ஜேம்ஸ் மாமா எண்டுதானே அறிவன்."

அன்று அவருக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினால் போதும் என்று இன்ஷிரா சொல்லியிருந்தாள். எருக்கலம்பிட்டி ஹுசைன் நானா சமாதான நீதவான். ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கிற கடை வைத்திருக்கிறார். முத்திரை மேசை இலாச்சிக்குள் ஆணிகளோடு கிடக்கும். தொண்ணூறில் இவரைப்போன்ற முஸ்லிம் ஆட்களையும் ஊரைவிட்டு எழுப்பிவிட்டார்கள். புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறார். நாங்கள் போனபோது கடையில் சனமில்லை. என் கதையை அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சந்தியோகும் யாக்கோபும் ஒண்டா, தங்கச்சி?"

"ஒண்டுதான் நானா."

"யாக்கோபு..." என்று ஒரு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு தட்டு. ஆணியெல்லாம் துள்ளின. "யாக்கூப்! அது எங்கட யாக்கூப் நபியிட பேரெல்லோ! யூசுப் நபியிட வாப்பா! றாபியா, இஞ்ச வாங்க, பேசாலைத் தங்கச்சியிட வாப்பாக்கு எங்கட நபியிட பேராம், தேத்தண்ணி போடுங்க!"

அவர் மனுசி றாபியா தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் கொண்டுவந்தா. நானா புத்தளத்தில் பட்டது, திரும்பி வந்து தன் வளவில் பற்றைக்காடு வெட்டியது, யூசுப் நபியைக் கிணற்றில் தள்ளிய கதை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சொன்னார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அந்தக் குதூகலத்திலேயே அவர் கடதாசியை எழுதி, முத்திரையைத் தேடியெடுத்துக் குத்தினார். அந்தக் குதூகலத்திலேயே நாங்களும் அதை வாசித்துப் பார்க்காமல் அனுப்பிவைத்தோம். மகிழ்ச்சி கண்ணை மறைக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. பாட்டுப் போட்டோம், குனிந்தோம், நிமிர்ந்தோம். எங்கள் அதிர்ஷ்டம், எடுத்தது இன்ஷிராதான். என் குரல் கேட்டதுமே அவள் பெருமூச்சு விட்டாள்.

"அம்மா, இப்ப நாலு."

"என்ன நாலு?"

"அப்பா. சத்தியக்கடதாசியில யாக்கூப் எண்டு புதுசா ஒருத்தரும் வந்திருக்காரு."

வாடியில் எழுந்த சிரிப்புக்குக் காகமெல்லாம் பறந்துபோயின. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. ஹுசைன் நானா தன் சந்தோசத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்!

"இப்பிடியே கடதாசி அனுப்பிக்கொண்டிருந்தா இன்னும் அப்பாமார் கூடுவாங்க" என்றாள் இன்ஷிரா. "நேர வாங்கம்மா. எங்கட பெரியவர்ட்ட நேர சொல்லுங்க. அவர் சரியெண்டா ஒரு நாள் சேவையில அண்டைக்கே எடுக்கலாம். அவர் சரியெண்டு சொல்லோணும், அதுதான்." பிறகு குரலைத் தணித்து, "எங்கட வாப்பாட ஊரும் மன்னார்தான், முசலிப் பக்கம். பேசாலைக் கருவாட்ட சொல்லிச்சொல்லியே எங்கள வளத்தவர். வரக்குள்ள ஒரு துண்டு கொண்டாங்க" என்றாள்.

அன்று பின்னேரம் றெஜினா எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கிறார்களாம். மூன்றாம் ஓலைக்குப் பிறகு ஒரு நாளும் தள்ளமாட்டார்களாம். "நீ வரலைன்னா நானே போட்டு அனுப்பிடறேன்க்கா, நீ மனசு கஷ்டப்படாத" என்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தேற்றுகிறாள்! என் நெஞ்சு அப்படியே உடைந்துபோயிற்று. "நீ கையை வைச்சுப் பாரடி, முறிக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஒரு மூச்சு அழுதேன். பிறகு நல்ல கட்டாக் கருவாடாகப் பார்த்துப் பொதி கட்டினேன்.

அந்த வருஷம்தான் தலைமன்னாருக்குத் திரும்பவும் ரெயில் விட்டிருந்தார்கள். பேசாலை ஸ்டேசனில் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. நாங்கள் ஏறியதும் பெட்டிக்குள் அந்த மணம் போய் எங்கள் மணம் வந்தது. எதிரே இருந்த சிங்களக் குடும்பம் ஜன்னலைத் திறந்தது. அநுராதபுரம் தாண்டினபிறகு அந்தத் தாய் எட்டிப் பொதியைப் பார்த்து, "கரவல?" என்று கேட்டா. சிங்களத்தில் கருவாட்டுக்கு அதுதான் சொல். ஓம் என்றேன். ஒரு துண்டு கொடுத்தேன். அதற்குப் பிறகு கொழும்பு போய்ச்சேரும்மட்டும் அவர்களுடைய வாழைப்பழமும் எங்கள் பாணும் ஒன்றாகத்தான் போயின. இரவு கொட்டாஞ்சேனையில் வஸ்தியானின் மச்சாள் வீட்டில் தங்கி, விடிய வெளிக்கிட்டோம்.

கந்தோரில் சனமோ சனம். இன்ஷிராவை நான் தேடவேண்டி வரவில்லை. வெள்ளை முக்காடு போட்ட ஒரு மெலிந்த பிள்ளை கருவாட்டு மணத்தை மோந்துகொண்டு நேரே எங்களிடம் வந்து, "மதலேனாளம்மா!" என்று கையைப் பிடித்தது. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல இருந்தது. டிங் டிங் டிடிங் என்று பாடிக்காட்டினேன். வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துத் தாங்களும் தலையாட்டினார்கள். பாவங்கள், அவர்களுக்கும் பாடம்.

பெரியவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். வழுக்கை, வெள்ளைச் சேட்டு, சிரிக்காத முகம். முன்னால் என் கடதாசிகளை விரித்து வைத்திருந்தார். இன்ஷிரா பக்கத்தில் நின்று தமிழாக்கினாள். எடுத்த எடுப்பில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "தாத்தாகே நம?" என்றார்.

இது எனக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டேன். "தாவீது."

வஸ்தியான் என் காலை மிதித்தார். அவர் என் பாட்டன் பெயரையா கேட்டார்? சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எங்களுக்குத் தாத்தா என்றால் பாட்டன். இன்ஷிரா வீட்டில் தாத்தா என்றால் அக்கா. ஒரே நாட்டுக்குள் ஒரு தாத்தாவை வைத்துக்கொண்டு நாங்கள் படுகிற பாடு!

பெரியவர் பேனையை எடுத்து, கடதாசி ஓரத்தில் ஐந்தாவது பெயராகத் தாவீதையும் எழுதப்போனார். இன்ஷிரா பாய்ந்து தடுத்தாள். அவர் பேனையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "அம்மே, இது விளையாட்டு இல்லை" என்று தட்டுத்தடுமாறித் தமிழிலேயே சொன்னார். "மூணு பத்திரம், மூணு பேர். மூணு பேரும் ஒரு ஆள் என்று நான் எப்படி நம்புறது? நாளைக்கு வேற ஆள் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். எனக்குச் சிரிப்பெல்லாம் வற்றிப்போயிற்று. அப்பா இருந்தால் அவரையே கூட்டிவந்து, இந்தா பார், இந்த ஒரு மனுசன்தான் என்று நிறுத்தியிருப்பேன். அவர் மடுவில் அகதியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வர இடையில் ஒரு நாள்தான் இருந்தது. சகாயராணியின் நெற்றி, நான் ஒருநாளும் காணாத நெற்றி, என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஐயா," என்றேன், "நாமத் திருநாள் எண்டு தெரியுமே? எங்கட ஆக்கள் பிறந்தநாளைப் பாக்கிறேல்லை. பேர்கொண்ட அர்ச்சியசிட்டவரின்ர நாளைத்தான் கொண்டாடுவம். சந்தியோகுவுக்குத் திருநாள் யூலை இருபத்தைந்து. யாக்கோபுவுக்கும் யூலை இருபத்தைந்து. ஜேம்ஸுக்கும் அதே நாள். இவங்கள் மூண்டு பேரெண்டா அண்டைக்கு எங்கட வளவில மூண்டு கிடாய் வெட்டியிருக்கோணும். எங்கட அப்பா வருஷாவருஷம் ஒரு கிடாய்தான் ஐயா வெட்டினவர்!"

இன்ஷிரா இதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, கிடாய் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு வஸ்தியானைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. யாக்கோபு திருநாள் எப்ப?"

நான் இப்போது சொன்னதைக்கூடக் காதில் வாங்கியிருக்கமாட்டார், எங்கள் கலியாண நாளே நினைவில்லாத மனுசன் அவர். நான் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன்.

"யூலை இருபத்தைந்து" என்றார் வஸ்தியான், ஒரு யோசனையும் இல்லாமல். "அண்டைக்குத்தான் மாமா எனக்கு ஈரல் தாறவர்."

"ஜேம்ஸ்?"

"அதே ஈரல் ஐயா."

"சந்தியோகு?"

"அதே ஆடு."

பெரியவரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு கதிரை பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், சிலாபத்தில் தன் தாயின் தகப்பனும் சந்தியோகுதானாம். கந்தோரில் ஜேக்கப் என்று எழுதுவார்களாம். அதே யூலை இருபத்தைந்துதானாம். "ஆனா எங்க வீட்ல ஆடு இல்ல. சேவல்தான். அவர் கொஞ்சம் கஞ்சன்." பிறகு கடதாசியைத் தட்டி, "இந்த யாக்கூப்?" என்று கேட்டார்.

"அது எருக்கலம்பிட்டி ஹுசைன் நானாவின்ர சந்தோசம்" என்றேன்.

"சந்தோசம் கூடினா பரவால்ல" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வாசலில் நின்றே திறந்தேன். என் படம் இருந்தது, பொலிசு பிடித்த கள்ளியைப்போல. என் பெயர் இருந்தது. பிறந்த நாள் இருந்தது. ஒரு பக்கம் விடாமல் புரட்டினேன். அப்பாவின் பெயர் எங்குமே இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போடுவதே இல்லையாம்! சந்தியோகுவும் இல்லை, யாக்கோபுவும் இல்லை, ஜேம்ஸும் இல்லை, யாக்கூபும் இல்லை. நான் நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் வஸ்தியான் பயந்துபோய் எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். இன்ஷிரா கருவாட்டுப் பொதியை நெஞ்சோடு அணைத்தபடி ஜன்னலில் நின்று கைகாட்டினாள்.

விசா இன்ரநெற்றில் வந்தது. ஆகாயக்கப்பலில் நான் கண்ணைத் திறக்கவேயில்லை. எனக்குத் தந்த சாப்பாட்டையும் வஸ்தியான் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார். மண்டபத்தில் பஸ்ஸால் இறங்கியபோது நரைத்த தலையோடு ஒரு மனுசி ஓடி வந்தாள். அம்மாதான் வருகிறா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். "என்னடி, கிழவியாப்போனாய்" என்றேன். "நீ மட்டும் கொமரியாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பிடித்த பிடியை விட நெடுநேரமாயிற்று.

கலியாணத்தன்று காலை. சகாயராணி வெள்ளைச் சீலையும் முக்காடுமாக என் முன்னால் முழந்தாளில் நின்றாள். றெஜினா பக்கத்தில். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வாசலில். பெருவிரலை அவள் நெற்றியில் வைத்தேன். சின்ன வயதில் றெஜினாவுக்கு இருந்த அதே நெற்றி. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்..."

மூன்று பேர்.

அந்த இடத்தில் எனக்கு நின்றுவிட்டது. மூன்று பேரும் ஒருவர்தான் என்று சின்ன வயதிலிருந்து ஒரு சத்தியக்கடதாசியும் கேட்காமல் நம்பி வந்திருக்கிறேனே! சிலாபத்துப் பெரியவரின் முகம் கண்முன் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்தேன். றெஜினா என்னைப் பார்த்தாள். நாலு அப்பா கதையை முதல்நாள் முழுக்க அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவளுக்கும் விளங்கிவிட்டது. "அக்கா, வேணாம்" என்று சொல்லும்போதே அவளுக்கு வெடித்துவிட்டது. பிறகு என்ன, நானும் அவளும் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தோம். கலியாணப் பொம்பிளைக்கும் அடக்க முடியவில்லை, கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. பின்னால் வஸ்தியான், "அதே ஆடு" என்று மெல்லச் சொன்னார். அதோடு வாசலில் நின்ற மாப்பிள்ளை வீடும், ஏன் சிரிக்கிறோம் என்றே தெரியாமல், சிரிக்கத் தொடங்கிவிட்டது.

சிரித்துக்கொண்டேதான் சிலுவையை முடித்தேன். "...பெயராலே." பெயர்களாலே இல்லை, பெயராலே. அவர்கள் மூன்று பேருக்கும் ஒரே பெயர். என் அப்பா ஒருவருக்கு மூன்று பெயர். அந்த நெற்றியில் என் விரல் சூட்டோடு இன்னும் கொஞ்சநேரம் நின்றது.

"ஆமென்" என்றாள் சகாயராணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வாசற்படியைத் தாண்டினாள்.